மஞ்சளில் சிவப்பு எழுதலாமா? அகப்பக்கம் கட்டுவோருக்கு ஓர் அறிவியல் பாடம்



உங்களில் பலர் இப்போது அகப்பக்கம் கட்டக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். பள்ளிக் கழகத்துக்கு ஒன்று, கோயில் திருவிழாவுக்கு ஒன்று, மாமா கடைக்கு ஒன்று என்று கேட்டு வருபவர்களும் இருப்பார்கள். கேட்டு வருபவர் தம் விருப்பங்களோடுதான் வருவார். "இந்த நிறம் வேண்டும், இந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும், எழுத்து ஓட வேண்டும்" என்பார். நீங்களோ நல்ல வடிவமைப்புக்கு விதிகள் உண்டு என்று படித்திருப்பீர்கள். இப்போது யார் சொல்வதைக் கேட்பது? இந்த வாரப் பாடம் அதைப் பற்றியது. இதில் ஒளியியல் உண்டு, கணக்கு உண்டு, கொஞ்சம் வரலாறும் உண்டு.

குருபோங்கில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய பழைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்தவர்கள். இன்று ஜொகூர் பாரு, சிங்கப்பூர், கிள்ளான் என்று சிதறிப் போய்விட்டார்கள். தீபாவளிக்கு அவர் கைமுறுக்கு வேண்டும் என்பார்கள், ஆனால் அவரைப் பிடிப்பது எப்படி என்று தெரியாது. அதற்காக ஓர் அகப்பக்கம் வேண்டும் என்று எங்கள் மாணவர்களிடம் கேட்டார். ஒப்புக்கொண்டோம்.

முதல் தவறு எங்களுடையது

மாணவர்கள் அக்காவிடம் அதிகம் பேசாமலே ஒரு மாதிரியைக் கட்டிக்கொண்டு போனார்கள். வெள்ளைப் பின்னணி, மெல்லிய சாம்பல் எழுத்து, நிறைய வெற்றிடம். வெளிநாட்டு அகப்பக்கங்களைப் பார்த்து வந்த ஆசை. அக்கா கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யார் கடை தம்பி?" என்று கேட்டார்.

பிறகு தம் விருப்பங்களைச் சொன்னார். ஒரு மாணவி ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள்:

1. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. "மஞ்சளும் குங்குமமும் மங்களம் டீச்சர், அதை மட்டும் மாத்தாதீங்க."
2. மேலே பிள்ளையார் படம்.
3. பலகாரங்களின் பெயர்கள் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். "சலுகை" என்ற சொல் மின்னிக்கொண்டே இருக்க வேண்டும்.
4. திறந்தவுடன் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும்.
5. போன வருடம் அச்சடித்த விளம்பரத் தாளை அப்படியே படமாகப் போட வேண்டும்.
6. இருக்கும் பலகாரத்துக்குப் பச்சைப் புள்ளி, தீர்ந்ததற்குச் சிவப்புப் புள்ளி.
7. தொலைபேசி எண் பெரிதாக இருக்க வேண்டும். ஆர்டர் படிவம் எதுவும் வேண்டாம்.

திரும்பி வரும் வழியில் மாணவர்கள் சிரித்தார்கள். "எல்லாமே தப்பு டீச்சர்!" என்றார்கள். "தப்பு என்று யார் சொன்னது? அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்டேன். அளந்தோம்.

தர விதிகள் எங்கிருந்து வந்தன?

வைய விரிவலையை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ் லீ. 1989-இல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் அதற்கான திட்டத்தை எழுதினார். 1994-இல் வலைக்கான பொதுத் தரங்களை வகுக்க ஓர் அனைத்துலகக் கூட்டமைப்பையும் தொடங்கினார். அந்தக் கூட்டமைப்பு, பார்வை, செவி, கை அசைவு ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்தும்படி அகப்பக்கம் கட்டுவதற்கான வழிகாட்டியை வெளியிட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. 2018-இலும் 2023-இலும் அது விரிவாக்கப்பட்டது. கீழே நான் சொல்லும் அளவுகள் எல்லாம் அந்த வழிகாட்டியில் உள்ளவை.

நிறத்தை அளப்போம்

முதல் படிவத்தில் ஒளியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள். கைப்பேசித் திரையும் இப்படித்தான் மஞ்சளைக் காட்டுகிறது. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சிறு விளக்குகள் இலட்சக்கணக்கில் உள்ளன.

நம் கண் இந்த மூன்று நிறங்களையும் ஒரே அளவு பிரகாசமாக உணர்வதில்லை. பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில், கண்ணின் உணர்திறன் உச்சத்தில் இருக்கிறது. ஆகவே வெள்ளையின் ஒளிர்வை 1 என்று வைத்துக்கொண்டால், அதில் பச்சையின் பங்கு 0.7152, சிவப்பின் பங்கு 0.2126, நீலத்தின் பங்கு 0.0722. கூட்டிப் பாருங்கள், 1 வரும். கறுப்பின் ஒளிர்வு 0.

மஞ்சள் = சிவப்பு + பச்சை = 0.2126 + 0.7152 = 0.9278.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டு விகிதத்தைக் காணும் சூத்திரம் இது:

(பிரகாசமான நிறத்தின் ஒளிர்வு + 0.05) ÷ (மங்கலான நிறத்தின் ஒளிர்வு + 0.05)

அந்த 0.05 ஏன்? திரையில் பட்டுத் திரும்பும் அறை வெளிச்சத்துக்காகச் சேர்த்தது. கறுப்பும் வெள்ளையும் என்றால் 1.05 ÷ 0.05 = 21. இதுவே மிக உயர்ந்த விகிதம். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும். தலைப்பு போன்ற பெரிய எழுத்துக்கு 3 போதும்.

அக்கா கேட்ட மஞ்சள்–சிவப்பு: 0.9778 ÷ 0.2626 = 3.72. சிறிய எழுத்துக்கு இது தேறாது. ஆனால் கடைப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுத இது தாராளமாகத் தேறுகிறது.

எங்கள் மாணவர்கள் கட்டிய வெள்ளை–சாம்பல் எவ்வளவு? அவர்கள் போட்ட சாம்பலின் ஒளிர்வு 0.402. எனவே 1.05 ÷ 0.452 = 2.3. அக்காவின் நிறத்தைவிடவும் மோசம்! பெரிய எழுத்துக்குக்கூட அது ஆகாது. யார் தவறு என்று கேட்டுச் சிரித்தவர்கள் அமைதியாகிவிட்டார்கள். விதி, கேட்டவரை மட்டும் அளப்பதில்லை, கட்டியவரையும் அளக்கிறது.

இனி அக்காவின் மங்களத்தை விடாமல் 4.5-ஐ எட்ட முடியுமா? சிவப்பைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினோம். திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை எண் உண்டு. பளிச்சென்ற சிவப்பு 255. அதை 139 ஆக்கினால் குங்குமச் சிமிழில் பார்க்கும் அடர்சிவப்பு கிடைக்கிறது. எண் பாதிக்குச் சற்று மேல்தான், ஆனால் ஒளி அந்த அளவிலேயே குறைவதில்லை. அது ஏறத்தாழ கால் பங்காகிறது. அடர்சிவப்பின் ஒளிர்வு 0.055. ஆகவே 0.9778 ÷ 0.105 = 9.3. தேவையான அளவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

இந்தக் கணக்கை அக்காவிடம் காட்டவில்லை. இரண்டு மாதிரிகளையும் கைப்பேசியில் திறந்து, பகல் 12 மணிக்கு வாசலுக்கு வெளியே கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னோம். முதலில் அவர் கேட்டபடியே பளிச்சென்ற சிவப்பு. கண்ணை இடுக்கிப் பார்த்தார். "என் நம்பரே எனக்குத் தெரியலையே!" என்றார். அடுத்ததைப் பார்த்தார். "இதுதான் குங்குமக் கலர். அது மிளகாய்த்தூள்" என்றார். நிறப் பிரச்சினை அத்தோடு முடிந்தது.

வெயிலில் ஏன் அப்படி? வெயில் திரையில் பட்டுத் திரும்பும்போது எழுத்தின் ஒளிர்வோடும் பின்னணியின் ஒளிர்வோடும் அதே அளவு கூடுகிறது. அந்த 0.05-க்குப் பதில் 0.5 போட்டுக் கணக்குப் பாருங்கள். மஞ்சள்–சிவப்பு விகிதம் 2-ஆகக் குறைந்துவிடும்.

மின்னுவதும் ஓடுவதும்

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு போக்கிமோன் கேலிச்சித்திரப் படம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறி மாறி மின்னின. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 680-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள். சிலருடைய மூளை, வேகமாக மின்னும் ஒளிக்கு வலிப்பு நோயாக எதிர்வினை காட்டும். தமக்கு அப்படி உண்டு என்பது பலருக்கு அந்த நாள்வரை தெரிந்திருக்காது.

அதனால்தான் எதுவும் ஒரு வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்று வழிகாட்டி சொல்கிறது. தானாக ஓடும் எழுத்து ஐந்து வினாடிக்கு மேல் ஓடினால், அதை நிறுத்த வழி இருக்க வேண்டும். மெதுவாகப் படிப்பவர் ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் அது ஓடிவிடும் அல்லவா? தானாக ஒலிக்கும் இசை மூன்று வினாடியைத் தாண்டினால் அதையும் நிறுத்த வழி வேண்டும். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் உரக்கப் படிப்பதைக் கேட்டுத்தான் அகப்பக்கத்தைப் பயன்படுத்துகிறார்கள். நாதஸ்வரம் அந்தக் குரலை மூழ்கடித்துவிடும்.

அக்காவிடம், "இது ஏன் ஓடணும்னு நினைக்கிறீங்க?" என்று ஒரு மாணவன் கேட்டான். "எல்லாப் பலகாரமும் ஆளுங்க கண்ணுல படணும்" என்றார். அவருக்குத் தேவை ஓட்டம் அல்ல, எல்லாம் கண்ணில் படுவது. ஆகவே பெயர்களைப் படத்தோடு வரிசையாக அடுக்கினோம். "சலுகை" மின்னாமல் பெரிதாக நின்றது. நாதஸ்வரத்துக்கு ஒரு பொத்தான் வைத்தோம். விரும்பியவர் தட்டிக் கேட்கலாம்.

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் "இப்படிச் செய்" என்றால், "எதற்காக?" என்று மரியாதையாகக் கேளுங்கள். காரணம் தெரிந்தால், அதை நிறைவேற்ற வேறு நல்ல வழியும் தெரியும்.

படமாகப் போன எழுத்து

விளம்பரத் தாளை அப்படியே படமாகப் போடுவதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது எடை. அந்தப் படம் 4 மெகாபைட். ஒரு பைட் என்பது 8 பிட். ஆகவே 32 மெகாபிட். வினாடிக்கு 4 மெகாபிட் வரும் இணைப்பில் அது திறக்க 8 வினாடி ஆகும். இரண்டாவது சிக்கல் பெரிது. படத்தில் இருக்கும் எழுத்து, கணினிக்கு எழுத்தே அல்ல. யாராவது "குருபோங் முறுக்கு" என்று தேடினால் அந்தத் தாள் அகப்படுவது கடினம். திரைவாசிப்பான் அதைப் படிக்காது. எண்ணைத் தொட்டால் அழைப்பும் போகாது.

தமிழ் அகப்பக்கங்கள் இதைப் போன்ற ஒரு சிக்கலில் பல ஆண்டுகள் மாட்டிக்கொண்டிருந்தன. 1990-களின் பிற்பகுதியில் தமிழ் நாளிதழ்களும் வார இதழ்களும் இணையத்துக்கு வந்தன. ஒவ்வோர் இதழுக்கும் தன் அச்சுப் பக்கத்தில் உள்ள அதே எழுத்து அழகு திரையிலும் தெரிய வேண்டும் என்ற ஆசை. நியாயமான ஆசைதான். ஆகவே பல இதழ்கள் தத்தம் எழுத்துருவைத் தாமே செய்துகொண்டன. அவற்றில் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தார்கள். எந்த எண்ணில் எந்த எழுத்து என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறியது.

ஓர் எடுத்துக்காட்டு. பாமினி என்ற புகழ்பெற்ற எழுத்துருவில் "அம்மா" என்று தட்டினால், கணினி சேமிப்பது 109, 107, 59, 107, 104 என்ற எண்களை. இவை உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகியவற்றுக்கு உரியவை. உங்கள் கணினியில் பாமினி இருந்தால் "அம்மா" தெரியும். இல்லாவிட்டால் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தாம் தெரியும். இதழுக்கு இதழ் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஓர் இதழின் செய்தியை வெட்டி இன்னோர் இடத்தில் ஒட்டினால் குப்பையாகிவிடும். தேடுபொறியில் "அம்மா" என்று தேடினால் கிடைக்காது.

இதைத் தீர்க்கப் பலர் உழைத்தார்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, நம் நாட்டில் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் போன்றவர்கள் தமிழ்க் கணிமையின் முன்னோடிகள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. 2000-இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. மறு ஆண்டு தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது.

முடிவில் எல்லாரையும் ஒன்றுசேர்த்தது யூனிகோடு என்ற ஒருங்குறி. அதில் உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் உண்டு. "அ" என்றால் 2949, "ம" என்றால் 2990, புள்ளி என்றால் 3021, கால் என்றால் 3006. ஆகவே "அம்மா" எங்கும் எப்போதும் 2949, 2990, 3021, 2990, 3006. குருபோங்கிலும் அதே, யாழ்ப்பாணத்திலும் அதே. 2010 ஜூனில் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது.

அப்படியானால் இதழ்களின் ஆசை என்ன ஆயிற்று? அதுவும் நிறைவேறியது. ஒருங்குறியில் எண் வேறு, உருவம் வேறு. எண் எல்லாருக்கும் பொது. உருவத்தை அவரவர் விருப்பப்படி வரைந்துகொள்ளலாம். அகப்பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்புவதற்கான பொது வடிவம் 2012 டிசம்பரில் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. இன்று ஓர் இதழ் தன் சொந்த எழுத்தழகோடும் இருக்கலாம், தேடினால் அகப்படவும் செய்யலாம்.

நாங்களும் அதையே செய்தோம். விளம்பரத் தாளின் வாசகங்களை ஒருங்குறியில் தட்டி, அதே போன்ற அலங்கார எழுத்துருவைத் தலைப்புக்கு மட்டும் வைத்தோம். படங்களை ஒவ்வொன்றும் 200 கிலோபைட்டுக்குக் குறைத்தோம். ஒவ்வொரு படத்துக்கும் "தட்டில் அடுக்கிய கைமுறுக்கு" என்பது போல ஒரு மாற்றுரை எழுதினோம். பார்க்க முடியாதவருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டும்.

மாற்றுரை சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் அகப்பக்கத்தில் படங்களுக்கு முழுமையாக மாற்றுரை இல்லை. பார்வையற்றவரான புரூஸ் மெகுவாயர் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார். மாற்றிக் கட்டுவதற்கு மிகுந்த செலவாகும் என்று ஏற்பாட்டுக் குழு வாதிட்டது. ஆணையம் அதை ஏற்கவில்லை. அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நம் நாட்டிலும் 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம், தகவலையும் தகவல் தொழில்நுட்பத்தையும் அடையும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது.

இரண்டு புள்ளிகள்

பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி விஷயத்தில் மரபியல் குறுக்கே வந்தது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு, எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ள மரபணுவால் வருவது. ஆண்களுக்கு ஓர் எக்ஸ் நிறமூர்த்தம்தான் உண்டு என்பதால் இது அவர்களிடமே அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இது உண்டு. ஆகவே நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லக் கூடாது. புள்ளிகளை எடுக்கவில்லை. பக்கத்தில் "உண்டு", "தீர்ந்தது" என்று எழுதினோம். அவ்வளவுதான்.

அக்கா சொன்னதே சரி

ஆர்டர் படிவம் வேண்டும் என்று மாணவர்கள் விடாமல் வாதிட்டார்கள். பெயர், முகவரி, எண்ணிக்கை எல்லாம் ஒழுங்காக வரும் என்றார்கள். அக்கா, "என்கிட்ட வாங்குற பாட்டிங்க படிவம் நிரப்ப மாட்டாங்க. போன் பண்ணுவாங்க. எண்ணெய் எது, காரம் எவ்வளவுன்னு கேட்டுட்டுத்தான் சொல்லுவாங்க" என்றார். இதற்கு எங்களிடம் பதில் இல்லை. தொலைபேசி எண்ணைப் பெரிதாக, தொட்டால் அழைப்புப் போகும்படி வைத்தோம். படிவம் வைக்கவில்லை. பிள்ளையார் படமும் மேலேயே இருந்தது. அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. அது எங்கள் மாணவர்களின் ரசனைக்குப் பொருந்தவில்லை என்பது ஒரு காரணமே அல்ல.

மூன்று கூடைகள்

யாருக்காவது அகப்பக்கம் கட்டும்போது அவர் விருப்பங்களை மூன்று கூடைகளில் போடுங்கள்.

முதல் கூடை: ரசனையும் தொழில் அனுபவமும். நிறக் குடும்பம், சாமி படம், எதை முதலில் காட்டுவது போன்றவை. இதில் கடைக்காரர் சொல்லே முடிவு. அவர் வாடிக்கையாளரை அவருக்குத் தெரியும்.

இரண்டாம் கூடை: நோக்கம் சரி, வழி மட்டும் சரியில்லை. ஓடும் எழுத்து, தானாக ஒலிக்கும் இசை, படமாகப் போட்ட தாள், வெறும் நிறப் புள்ளி. "எதற்காக?" என்று கேட்டு வேறு வழி காட்டுங்கள். வாதாடுவதைவிட, இரண்டு மாதிரிகளைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வது நல்லது.

மூன்றாம் கூடை: பிறருக்குத் தீங்கு. வேகமாக மின்னும் ஒளி, வாடிக்கையாளர்களின் பெயரையும் எண்ணையும் அவர்கள் அனுமதியின்றிப் போடுவது, பொய்யான விளம்பரம். இங்கே மட்டும் "செய்ய மாட்டேன்" என்று பணிவோடு சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள்.

எங்கள் மாணவர்கள் அக்காவின் ஏழு விருப்பங்களையும் பிரித்தபோது மூன்றாம் கூடையில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: மின்னும் "சலுகை". "எல்லாமே தப்பு" என்று சிரித்தது நினைவிருக்கிறதா?

செய்து பாருங்கள்

1. கறுப்பின் ஒளிர்வு 0. மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்தின் வேறுபாட்டு விகிதம் என்ன? மஞ்சளில் வெள்ளை எழுத்தின் விகிதம் என்ன? சாலை அறிவிப்புப் பலகைகள் எதைத் தேர்ந்தெடுக்கின்றன, ஏன்?

2. தூய நீலத்தின் ஒளிர்வு 0.0722. கறுப்புப் பின்னணியில் நீல எழுத்தும், வெள்ளைப் பின்னணியில் நீல எழுத்தும் 4.5-ஐ எட்டுகின்றனவா?

3. 200 கிலோபைட் படம், வினாடிக்கு 4 மெகாபிட் இணைப்பில் எவ்வளவு நேரத்தில் திறக்கும்? (1 மெகாபைட்டை 1000 கிலோபைட் என்று கொள்க.)

4. உங்கள் பள்ளியின் அகப்பக்கத்தையோ தெரிந்த கடையின் பக்கத்தையோ நண்பகலில் வெயிலில் நின்று படித்துப் பாருங்கள். படிக்கச் சிரமப்பட்ட இடங்களைக் குறியுங்கள். பிறகு அதே பக்கத்தை உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கொடுத்து, தொலைபேசி எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து கவனியுங்கள்.

விடைகள்

1. 19.6 (0.9778 ÷ 0.05), 1.07 (1.05 ÷ 0.9778).
2. கறுப்பில் 2.4, எட்டவில்லை, வெள்ளையில் 8.6, எட்டுகிறது.
3. 0.4 வினாடி.

நான்காவதற்கு விடை உங்கள் வீட்டில் இருக்கிறது.